கீழே ஓடுகிற எழுத்து

மேல்வீட்டுப் பெண் அன்றைக்கும் இறங்கி வந்துவிட்டாள். தோளில் குழந்தை, கண் நிறையத் தூக்கம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இப்பத்தான் தூங்க வெச்சேன். உங்க டிவியில எவனோ எவனையோ சுட்டான், இவன் எந்திரிச்சு உக்காந்துட்டான்."

பட்டப்பகல் பதினோரு மணி. சுட்டவனைப் பிடிக்கப் போலீஸ் கிளம்புகிற நேரம். பாய்லர் நாற்காலியை டிவிக்கு ஓரடி தள்ளிப் போட்டு, இடது காதை அதன் பக்கம் கொடுத்து, கோழி பார்க்கிற மாதிரி ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆள் வந்ததே அவருக்குத் தெரியாது. அவர் மனைவி ஓடிப் போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். "எவடி அவ சத்தத்தக் கொறச்சது?" என்று பாய்லர் போட்ட சத்தத்தில், பாதி அழுகையில் நின்றிருந்த குழந்தை முழு அழுகைக்குப் போய்விட்டது.

பாய்லர் தயாரிக்கும் பட்டறையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் பாய்லர். கோபம் வந்தால் மூடி அதிரும் என்பதும் ஒரு காரணம். அங்கே அவருக்கு மார்க்கிங் வேலை. இரும்புத் தகட்டைத் தரையில் கிடத்தி, டிராயிங்கைப் பார்த்து, சாக்பீஸால் கோடு இழுத்து, பஞ்ச் வைத்துப் புள்ளி அடித்து, எங்கே வெட்டுவது, எங்கே வளைப்பது, எங்கே துளை போடுவது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அவர் குறித்த தகட்டை இரண்டாம் தடவை யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். உருளைக்குள் இறங்கிக் குறித்துக்கொண்டிருப்பார், வெளியே நாலு பேர் சம்மட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டால் கோடு கோணும் என்று ஒரு பிடிவாதம். வலது காது வேலையில் இருக்கும்போதே போயிற்று. இடதில் கால்வாசி பாக்கி. மகன் வாங்கிக் கொடுத்த காது மெஷினை நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "மண்டைக்குள்ள விசில் ஊதுறாண்டா" என்று கழற்றி பீரோவில் போட்டவர், அப்புறம் அதன் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று மாலை மகன் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மருந்து மொத்தக் கடையில் நாள் முழுக்க நின்று வருகிறவன். ஒரு ஷூவோடு வந்து அப்பாவின் இடது பக்கம் குந்தினான்.

"அப்பா! பெரிய டிவி வாங்கிடலாம்! சுவர் நிறைய!"

"எதுக்குடா?"

"இப்ப வர்றதுல பேசறதெல்லாம் கீழ எழுத்தா ஓடும். நம்ம மொழியிலயே. நீங்க படிச்சுக்கிட்டே பாக்கலாம். சத்தமே வேணாம்."

"எழுத்தா?"

"ஆமா, எழுத்து! நாளைக்கு லீவு போடறேன். போறோம், வாங்கறோம்."

"இருக்கறதே போதுமேடா."

"மேல்வீட்டுக் குழந்தைக்குப் போதலயே!"

அவன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாய்லருக்கு வரவில்லை.

விஷயம் என்னவென்றால், பாய்லருக்குப் படிக்கத் தெரியாது. உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் அவருடைய அண்ணன், அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கல்யாணம் பேசும்போது பெண் பத்தாவது பாஸ், முத்து முத்தான கையெழுத்து என்று அவர்கள் சொல்ல, அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் "நம்ம தம்பியும் எட்டாவது பாஸ்தான்" என்று அடித்துவிட்டார். பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மறுக்காத பொய்யை முப்பத்தெட்டு வருஷமாகத் தூக்கிச் சுமக்கிறார்.

எண் தெரியும். எண் என்றால் லேசுப்பட்ட எண் இல்லை. டிராயிங்கில் உள்ள கோடு, வட்டம், அம்புக்குறி, அளவு, வெல்டிங் குறி அத்தனையும் அத்துப்படி. ஓரத்தில் நாலு வரி குறிப்பு இருந்தால் மட்டும் சூப்பர்வைசரிடம் நீட்டுவார். "நீங்க வாயால சொல்லுங்க சார். காதால கேட்டாத்தான் மனசுல நிக்கும்." இவ்வளவு டிராயிங் பார்க்கிற மனுஷனுக்கு எழுத்து தெரியாது என்று எந்த மடையனுக்குத் தோன்றும்? கையெழுத்தையும் ஒரு டிராயிங்காகத்தான் கற்றுக்கொண்டார். பஸ்ஸுக்கு நம்பர் உண்டு. கண் டாக்டரிடம் எண் அட்டை உண்டு. வீட்டுக்கு வரும் காகிதங்களுக்கு மனைவி உண்டு. "உன் எழுத்துதான் பாக்க லட்சணமா இருக்கு, நீயே எழுது" என்றால் அவளுக்கும் பெருமை. அதைவிடப் பெரிய வசதி, அவள் எதைப் படித்தாலும் வாய்விட்டு முணுமுணுத்துத்தான் படிப்பாள். காலையில் தேநீரோடு பக்கத்தில் உட்கார்ந்தால் பேப்பர் முழுக்க அவர் காதுக்கு வந்துவிடும். அதை அப்படியே பட்டறையில் போய் அவிழ்த்துவிடுவார். "என்னமா படிக்கிறாருய்யா பாய்லர்!" என்பார்கள். காது போனதும் அந்த முணுமுணுப்பும் போயிற்று. காதோடு சேர்ந்து படிப்பும் போன ஆள் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

மறுநாள் காலையில் வானம் மூடிக் கிடந்தது. புழுக்கம். பாய்லர் ஆறு மணிக்கே எழுந்து இரும்பு டேப்பை எடுத்துக் கூடத்துச் சுவரை அளந்தார். கதவுச் சட்டத்துக்கும் சன்னலுக்கும் நடுவே அறுபது அங்குலம். ஒரு தடவை அளந்தால் போதும், மூன்று தடவை அளந்தார்.

"என்னங்க அளந்துக்கிட்டே இருக்கீங்க? சுவர் ஓடியா போகப் போகுது?" என்று மனைவி காதருகே கத்திவிட்டுத் தேநீரை வைத்தாள்.

"இடம் பத்தாது."

"யாரு சொன்னா? டைனிங் டேபிளையே போடலாம்."

"டிவிக்குப் பத்தாதுங்கறேன்."

"பத்தலன்னா அவன் பாத்துப்பான். நீங்க குளிச்சுட்டு வாங்க, நல்ல சட்டையா போடுங்க." அவள் அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல உற்சாகமாக இருந்தாள். முட்டையை அவித்து ரொட்டியோடு வைத்தாள். அவர் முட்டையை உரித்து உப்புத் தொட்டுக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

குளிக்கும்போது ஒரு வழி தோன்றியது. எந்த டிவியைக் காட்டினாலும் எழுத்து தெரியவில்லை என்று சொல்லிவிடுவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டிச் சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். கணக்கில் தப்புக்கே இடமில்லை என்று தலையைத் துவட்டினார்.

கடையில் நாற்பது டிவி ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி ஒரே பழத்தைக் கொத்தியது. ஏசி குளிரில் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சிவப்பு டி-ஷர்ட் போட்ட கடைப் பெண் ஓடி வந்தாள்.

"வாங்க சார், வாங்கம்மா. யாருக்குப் பாக்கறீங்க?"

"அப்பாவுக்குத்தான். காது கேக்காது. எழுத்து போட்டுப் பாக்கற மாதிரி வேணும்" என்றான் மகன்.

"சூப்பர் சார். இங்க பாருங்க, இது நாப்பத்தி மூணு." அவள் ரிமோட்டை அமுக்கினாள். கிளி போய் ஒரு நாடகம் வந்தது. ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் காலடியில் வெள்ளையாக எழுத்து. கடைப் பெண் படத்தை அப்படியே நிறுத்தினாள். "தெரியுதா சார்?"

"'கதவைத் திற. நான்தான் வந்திருக்கிறேன்' நல்லாத் தெரியுதே!" என்றாள் மனைவி.

மகன் அப்பாவின் காதில், "தெரியுதாப்பா?"

"ம்ஹூம். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"சரி, அம்பத்தஞ்சு பாக்கலாம்" என்று அந்தப் பெண் அடுத்ததற்கு நடந்தாள். பாய்லர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டுக்கு இருபத்தேழு" என்றார். "என்ன சார்?" என்றாள். "அகலமும் உயரமும். குறுக்குக் கோட்டுல அம்பத்தஞ்சுன்னா இதான் வரும்." அவள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "சார் இன்ஜினியரா?" மகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டிராயிங் பாக்கறவர்மா. பெரிய பெரிய பாய்லரெல்லாம் அவர் கைதான்." பாய்லர் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"எழுத்து தெரியுதாப்பா?"

"இல்லடா. கலங்கலா இருக்கு."

பாய்லரின் கணக்கு எங்கே தப்பியதென்றால், டிவியில் பெரிசுக்கு மேல் பெரிசு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அறுபத்தைந்துக்குப் போனார்கள். அதிலும் அதே பெண் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே இருக்கிறவனும் திறந்து தொலைக்கிறானில்லை.

"இது?"

"ம்ஹூம்."

"என்னப்பா ம்ஹூம்? ஒவ்வொரு எழுத்தும் கத்திரிக்கா சைசுல இருக்கு!"

"உனக்கு இருக்கும்."

"சார், கொஞ்சம் கிட்ட வாங்க. எழுத்துக்குப் பின்னாடி கறுப்பா பட்டை வைக்கலாம். மஞ்ச கலர்ல வைக்கலாம்." பாவம், அந்தப் பெண் வெள்ளையை மஞ்சளாக்கினாள், மஞ்சளைப் பச்சையாக்கினாள், எழுத்தை இரண்டு சுற்று பெருக்க வைத்தாள். "இப்ப படிங்க சார். முதல் வார்த்த மட்டும் படிங்க" என்று அவருடைய இடது காதில் கத்தினாள்.

அவர் மனைவியின் வாயைப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது. நாற்பது டிவி இரைச்சலில் அவருக்கு ஒன்றும் எட்டவில்லை.

"தெரியலம்மா."

மகன் கடிகாரத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தான். "எழுபத்தஞ்சு காட்டுங்க" என்றான்.

"டேய், அது நம்ம சுவத்துல வராதுடா."

"சுவத்த இடிச்சுக் கட்டறேன். நீங்க எழுத்த மட்டும் படிங்க."

எழுபத்தைந்து ஒரு மேடை மேல் தனியாக நின்றது. பக்கத்தில் போனால் கதவு தட்டுகிற பெண்ணே பாய்லர் உயரம் இருந்தாள். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், டிவியைத் தாங்குகிற சட்டத்தைப் பார்த்தார். அது சுவரில் எப்படி நிற்கும் என்று குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். ஓரத்தில் நகக்கண் அளவு எழுத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது.

"முப்பத்தொண்ணரை கிலோ" என்றார். "போல்ட்டு ஓட்டை அறுநூறுக்கு நானூறு. எட்டு எம்.எம். போல்ட்டு. நம்மது உள்ள பொள்ளலா இருக்கற கல்லு. நாலு நாள்ல பேத்துக்கிட்டு வந்துடும், மகனே. வேணாம்."

யோசனை சொன்ன திருப்தியோடு நிமிர்ந்தார். மகன் குனிந்து அந்த லேபிளைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போனில் வெளிச்சம் போட்டுத்தான் அவனால் பார்க்க முடிந்தது. நிமிர்ந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது.

"இது தெரியுது உங்களுக்கு."

பாய்லருக்குக் கேட்கவில்லை. ஆனால் புரிந்துவிட்டது.

"இந்த எறும்பு மூத்திரம் தெரியுது!" மகன் இப்போது கத்தினான். கடையில் நாலு பேர் திரும்பினார்கள். "இது தெரியற கண்ணுக்கு, அது தெரியாதா? என்னப்பா வெளையாடறீங்களா? வேணும்னே பண்றீங்களா?"

பாய்லருக்கு முன்னால் இரண்டே பதில் இருந்தன. ஒன்று உண்மை. அவர் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாடா. வேணும்னேதான் பண்றேன்."

"ஏன்?"

"எனக்கு வேணாம். எழுத்த பாத்துக்கிட்டு உக்கார எனக்கென்ன தலையெழுத்தா? சத்தம் வெச்சுத்தான் பாப்பேன். இஷ்டமிருந்தா இரு."

"காலைலேருந்து இந்தப் பொண்ணு ஓடி ஓடிக் காட்டுது. சம்பளமில்லாத லீவு போட்டுட்டு நான் நாயா அலையறேன். வேணாம்னு வீட்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நான் வாங்கிக் குடுக்கறது எதுதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு? காது மெஷின் பிடிக்கல, கட்டில் பிடிக்கல, இப்ப இது. நான் செய்யறதுன்னாலே ஆகாது, அப்படித்தானே?"

"அப்படித்தான்னு வெச்சுக்க."

மகன் அதற்கு மேல் நிற்கவில்லை. கடைப் பெண்ணிடம், "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனான். அந்தப் பெண் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். மனைவி மட்டும் லேபிளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன் ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டான். அப்பாவின் பக்கம் பார்க்கவே இல்லை. "வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்கே போய்விட்டான். வழியில் தூறல் போட்டது. பாய்லர் அவன் திட்டியதையே நினைத்துக்கொண்டு வந்தார். பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும். அது பரவாயில்லை. தற்குறி அப்பன் என்று நினைக்காமல் இருந்தால் சரி. ஆனாலும் அவன் முகம் போன போக்கு அவரை விடவில்லை. தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோற்றைச் சூடு பண்ணினாள். அவர் சமையலறை மேசையில் போய் உட்கார்ந்தார். கடையில் கொடுத்த விளம்பரத் தாளை அவள் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளையில் பென்சிலால் ஒரு வரி எழுதினாள். முத்து முத்தான எழுத்து. அதை அவர் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

பாய்லர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைக் கையில் எடுத்தார். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினார். எங்கே எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

"பாத்தேன்" என்றார். "எல்லாம் பாத்தேன்."

'உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?' என்று எழுதியிருந்தாள்.

அவள் அந்தத் தாளை மறுபடி அவர் கண் முன்னால் நகர்த்தினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்து அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்று காதுக்குள் கேட்டாள்.

"அதான் பாத்தேன்னேனே."

"என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க."

"கண்ணாடி சரியில்ல..."

"கண்ணாடி மேல பழி போடாதீங்க. தெரியுமா, தெரியாதா?"

பாய்லர் தட்டைப் பார்த்தார். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மூடி அதிரும் என்று பார்த்தால் அதிரவில்லை.

"தெரியாது" என்றார். "எட்டாவதுங்கறது அண்ணன் சொன்னது. நான் பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதில்ல."

சிரிப்பாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. எதையோ விரல் விட்டு எண்ணுகிறவளைப் போல இருந்தாள்.

"அப்ப, கப்பல் கட்டற எடத்துக்கு வேலைக்குப் போனீங்களே. ஒன்றரை வருஷம். நான் எழுதின கடுதாசியெல்லாம் யாரு படிச்சுச் சொன்னா?"

"யாரும் படிக்கல."

"யார்கிட்டயும் குடுக்கலையா?"

"பொண்டாட்டி எழுதினத அடுத்தவன் வாயால கேக்கறதா? கூட இருந்தவங்க கேட்டாங்க, நான் குடுக்கல." சோற்றில் கை வைத்துப் பிசைந்தார். "பிரிச்சுப் பாப்பேன். கோடு போட்ட மாதிரி வரிசையா இருக்கும். பாத்துட்டு மடிச்சு வெச்சுடுவேன்."

"நாலு பக்கத்துல ஒண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு. அது ஒண்ணுதான் தடிசா இருந்துச்சு."

"அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்திய பேச்சு. அவள் இருந்த தெருமுனைக் கடையில் ஒரே ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், ஒருத்தர் பேசுவதை மற்ற ஒன்பது பேரும் கேட்பார்கள். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

"'கடுதாசி வந்துச்சு. எல்லாம் பாத்தேன். உடம்பப் பாத்துக்க.' அவ்வளவுதான் சொன்னீங்க. சொல்லிட்டுப் பையனக் கூப்பிடச் சொன்னீங்க."

"எப்பவும் அதத்தானே சொல்வேன்."

"எப்பவும் அதத்தான் சொன்னீங்க" என்றாள். குரல் உடைந்து போனதால் அது அவருக்குக் கேட்கவில்லை.

"அதுல என்ன எழுதியிருந்த?"

அவள் சொன்னாள். வாய் அசைந்தது.

"கேக்கல."

மறுபடி சொன்னாள். அவர் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

தெருமுனைக் கடையில் பத்துப் பேர் காதில் விழக் கூடாதென்றுதான் அன்றைக்கு அவள் அதைப் போனில் சொல்லவில்லை. உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பினாள். இப்போது சன்னல் திறந்து கிடந்தது, தெருவில் ஆள் நடந்துகொண்டிருந்தது. அவள் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நீங்க போனப்ப நான் உண்டாயிருந்தேன்! எனக்கே தெரியாது! அஞ்சாம் மாசம் குழந்த போயிடுச்சு! பொண்ணு! வந்துட்டுப் போங்கன்னு எழுதினேன்! ஒரு நாளாவது வந்துட்டுப் போங்கன்னு எழுதினேன்!"

கேட்டுவிட்டது. பாய்லரின் கை தட்டிலேயே நின்றுபோயிற்று.

"பொண்ணா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வண்டி ஏறியிருப்பேன்" என்றார். தன் குரல் தனக்கே கேட்காது என்பதால் அவர் சொன்னது வாசல் வரைக்கும் போயிற்று.

"வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். படிச்சுட்டும் வரலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு உங்களுக்குச் சோறு போட்டேன்."

அவர் சோற்றுக் கையால் முகத்தைத் துடைத்தார், முகத்தில் பருக்கை ஒட்டியது. அவள் அதை எடுத்துப் போட்டாள்.

"அந்தக் கடுதாசி எங்க?"

"ரூம் மாத்தறப்ப பெட்டியோட போயிடுச்சு. அத்தனையும்." பிறகு, யாரிடமும் எதற்கும் கெஞ்சியறியாத மனுஷன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னெல்லாம் எழுதியிருந்த? நாலு பக்கமும் சொல்லு" என்றார்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது தடவை எழுதிய கடிதம். ஒரு வரியும் அவளுக்கு மறந்திருக்கவில்லை. முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டு, வாயை அவர் காதோடு வைத்து, முதல் வரியிலிருந்து உரக்க ஆரம்பித்தாள்.

"இங்கு நானும் பையனும் நலம்! அங்கு உங்கள் நலமறிய ஆவல்!"